யார் வாய்ப் பாட்டு?
கரோக்கேயும் கடாரத்து மாணவரும்

ஒரு பாட்டைத் திறனாயப் புகுவோர் முதலில் கேட்கவேண்டிய வினா, அதனை யார் பாடுகின்றார் என்பதே. சொல்லழகும் இசையழகும் அதன்பின் ஆராயத்தக்கன. இளங்கோவடிகள் இதனை நன்கறிந்தவர். கடற்கரையில் கோவலனும் மாதவியும் பாடுவதற்குக் கானல்வரியை வைத்தார். பாலை நிலத்து எயினர்க்கு வேட்டுவ வரியை வைத்தார். ஆயர் மகளிர்க்குக் குரவையையும், அம்மானையும் பந்தும் ஊசலும் ஆடும் மகளிர்க்கு அவ்வவ்விளையாட்டுக்குரிய வரிகளையும் வைத்தார். எயினர் வாய்க்கு உரியதை ஆய்ச்சியர் வாயில் அவர் வைக்கவில்லை. மாணிக்கவாசகரும் சுண்ணம் இடிக்கும் மகளிர், ஊசலாடும் மகளிர் ஆகியோரின் வாய்ப்பாட்டைத் தழுவியே தம் பத்தியைப் பாடினார். திருப்பாவையோ இளமகள் ஒருத்தி தன் தோழியரை அழைக்கும் குரலிலேயே அமைந்தது. பாடுவோர்க்கும் பாட்டுக்கும் உள்ள இந்த இயைபை இக்கட்டுரையில் ‘வாய்ப்பொருத்தம்’ என்று குறிப்போம்.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, இன்று கெடா மாநிலத்துத் தமிழ் மாணவர் பாடும் பாட்டுகளை ஆராய்வது பயனுடைத்து. சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பீடோங் ஆகிய ஊர்களில் மணவிருந்தானாலும், பிறந்தநாளானாலும், பள்ளி விருந்தானாலும் கரோக்கே இல்லாத நிகழ்ச்சி அரிதாகிவிட்டது. பின்னணி இசையைக் கருவி தருகிறது. சொற்கள் திரையில் ஓடுகின்றன. ஒலிவாங்கியைப் பிடித்தவர் பாடகராகிறார். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் கூச்சம் நீங்கித் தமிழில் வாய்திறக்கும் இடங்களுள் இஃது ஒன்று. ஆகவே இதனை வெறும் பொழுதுபோக்கென்று தமிழாசிரியர் ஒதுக்குதல் தகாது.

கரோக்கே வந்த வழி

கரோக்கே என்பது ஜப்பானியச் சொல். ‘கரா’ என்றால் வெறுமை. ‘ஓக்கே’ என்பது ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்னும் சொல்லின் குறுக்கம். பாடகர் இடம் வெறுமையாக விடப்பட்ட இசை என்று நாம் பொருள் கொள்ளலாம். 1971ஆம் ஆண்டு கோபே நகரில், மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்க்குப் பின்னணி வாசித்துவந்த இனோவே டைசுகே என்பவர், தாம் நேரிற் செல்லமுடியாத இடங்களிலும் தம் வாசிப்பு ஒலிக்கட்டும் என்று கருதி, காசு போட்டால் இசை தரும் பெட்டியொன்றை அமைத்தார். முதலில் செய்தவை பதினொரு பெட்டிகளே. அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை, பெற்றிருப்பின் பெருஞ்செல்வராகியிருப்பார். 1980களில் ஒக்காயாமாவில் பழைய சரக்குப் பெட்டகங்களைச் சிறு அறைகளாக மாற்றிப் பாடவிட்டனர். அந்த அடைப்பறை முறை வந்த பின்னரே ஜப்பானிய உயர்நிலைப்பள்ளி மாணவர் கூட்டங் கூட்டமாகப் பாடப் புகுந்தனர்.

ஜப்பானியப் பாட்டு கெடாவுக்கு வருவது இது முதன்முறையன்று. 1941 டிசம்பரில் ஜித்ரா அரண் உடைந்து ஜப்பானியப் படை இம்மாநிலத்துள் புகுந்தது. 1943 அக்டோபரில் கெடாவைச் சயாமிடம் ஒப்படைத்தபோதும் ஜப்பானியரின் கை முழுவதும் விலகவில்லை. அக்காலத்து மலாயாப் பள்ளிகளில் பிள்ளைகள் அணிவகுத்து நின்று ‘கிமிகாயோ’ என்னும் அந்நாட்டு வாழ்த்தையும் வேறு படைப்பாட்டுகளையும் பாடவேண்டியிருந்தது. பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்த அவ்வரிகள் முதியோர் நினைவில் நெடுநாள் தங்கின. அதே காலத்தில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பெருந்தொகையினர் மீளாமல் மாண்டனர். அன்று பாட்டு ஏவலாக வந்தது. இன்று விருப்பமாக வந்திருக்கிறது. எனினும் பொருள் தெரியாது பாடும் நிலை இன்று முற்றும் நீங்கியதா என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஜப்பானிய மாணவர் பாடுவன

ஜப்பானிய மாணவர் கரோக்கே அறையில் பாடுவனவற்றுள் காதற்பாட்டுகள் மிகுதி. துள்ளிசையும் அசைபடப் பாட்டுகளும் மிகுதி. அவர்கள் எல்லோரும் உயர்கவிதையே பாடுகின்றனர் என்று நாம் மயங்க வேண்டுவதில்லை. ஒக்கினாவாவைச் சேர்ந்த ‘மொங்கோல்800’ என்னும் இளைஞர் குழு 2001இல் வெளியிட்ட சிறு காதற்பாட்டொன்று பள்ளி விழாக்களில் மாணவர் இசைக்குழுக்கள் விரும்பி எடுத்தாளும் பாட்டாயிற்று. 1995இல் ‘இவாங்கேலியன்’ என்னும் அசைபடத் தொடருக்கு ஒயிகாவா நெகோ எழுதிய தொடக்கப்பாட்டு, எளிய பேச்சுமொழியை விடுத்துக் கடுமையான சொற்களால் நடப்பது. ஆயினும் கரோக்கே அறைகளில் பல்லாண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. இளையோர்க்கு எளிய சொல்லே ஏற்கும் என்று கருதுவோர் இதனை நினைத்துப் பார்க்க.

இவற்றினூடே வேறொரு வகையும் உண்டு. அது மாணவர் வாய்க்கென்றே பிறந்த பாட்டு. ‘தபிதாச்சி நோ ஹி நி’, அதாவது ‘பயணம் புறப்படும் நாளில்’ என்னும் பாட்டு அவ்வகையிற் சிறந்தது. 1991ஆம் ஆண்டு, சைத்தாமா மாநிலத்துச் சிச்சிபு நகரிலுள்ள காகெமோரி இடைநிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த கொஜிமா நொபோரு அதன் சொற்களை எழுதினார். அப்பள்ளியின் இசையாசிரியை சக்காமோத்தோ ஹிரோமி இசை அமைத்தார். ஒழுங்கு குலைந்திருந்த தம் பள்ளியைப் பாட்டொலி நிறைந்த பள்ளியாக்க வேண்டும் என்பது தலைமையாசிரியரின் நெடுநாள் அவா. விடைபெற்றுச் செல்லும் மாணவர்க்கு ஆசிரியர்கள் ஒரே ஒருமுறை பாடிக்காட்டுவதற்கென அஃது எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு மாணவரே அதனை விரும்பி எடுத்துப் பாடினர். பின்னர்ப் பள்ளி பள்ளியாகப் பரவி, 1884 முதல் வழங்கிய பழைய பிரியாவிடைப் பாட்டின் இடத்தைப் பெரும்பாலும் இதுவே பிடித்துக்கொண்டது.

இப்பாட்டின் பெற்றியை நோக்குக. பழைய பாட்டு ஆசான் அருளைப் போற்றுவது; மாணவன் தலைதாழ்த்தி நின்று பாடுவது. புதிய பாட்டில் ஆசானைப் பற்றிய பேச்சே இல்லை. மலையும் ஒளியும் வானமும் சிறகும் வருகின்றன, உடன்பயின்ற தோழமை வருகிறது, பிரிவு வருகிறது. எழுதியவர் ஓய்வு பெறும் வயதினரான தலைமையாசிரியர். பேசுபவரோ பதினைந்து வயதினர். தம்மை மறைத்துக்கொண்டு மாணவன் வாயாக நின்று எழுதிய அந்தத் துறவே அப்பாட்டின் வெற்றி எனலாம்.

மற்றொன்று 2008இல் அஞ்செலா அக்கி எழுதிப் பாடிய ‘தெகாமி’ (கடிதம்) என்னும் பாட்டு. ஜப்பானிய ஒலிபரப்புக் கழகமான என்.எச்.கே. ஆண்டுதோறும் நடத்தும் பள்ளிச் சேர்ந்திசைப் போட்டியின் இடைநிலைப்பள்ளிப் பிரிவுக்கு அது கட்டாயப் பாட்டாக அமைந்தது. பதினைந்து வயதினர் ஒருவர் வருங்காலத்துத் தமக்கே கடிதம் எழுதுகிறார். வளர்ந்துவிட்டவர் அதற்கு மறுமொழி எழுதுகிறார்.  தமக்கும் துன்பம் உண்டென்று ஒப்புகிறார். ஆறுதல் தரும் அமைப்பு இது.

நம் மாணவர் பாடுவன

இனி நம் மாணவர் பாடுவனவற்றைக் காண்போம். அவை ஏறத்தாழ முழுவதும் திரைப்பாட்டுகள். திரைப்பாட்டு என்பதாலேயே ஒன்றைப் பழிப்பது திறனாய்வாகாது. கண்ணதாசனும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் எழுதியவை தமிழ்க் கவிதையின் பகுதியாகிவிட்டன. ஆயினும் திரைப்பாட்டின் இயல்பொன்றை மறத்தலாகாது. அது கதைமாந்தர் ஒருவருக்காக எழுதப்படுவது. அக்கதைமாந்தர் பெரும்பாலும் இருபத்தைந்து முப்பது வயதுக் காதலர். அல்லது தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளும் வீரர். அல்லது காதலில் தோற்றுக் குடியை நாடுபவர். பதினாறு வயதுப் பிள்ளை ஒலிவாங்கியைப் பிடித்து அவ்வரிகளைப் பாடும்போது, பிறர் சட்டையை அணிந்து நிற்கும் சிறுவனைப் போலத் தோன்றுகிறான். குரல் நன்று, இசை நன்று, வாய்ப்பொருத்தம் இல்லை. கள்ளுக்கடையால் எத்துணைக் குடும்பங்கள் சிதைந்தன என்பதைத் தோட்டப்புறம் நன்கறியும். அத்தோட்டத்தாரின் பேரப்பிள்ளைகள் குடியைக் கொண்டாடும் பாட்டை விருந்தில் பாடிக் கைத்தட்டல் பெறுவது நம் சிந்தனைக்குரியது.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ‘காதல் தேசம்’ (1996) படத்துக்கு வாலி எழுதி, ஏ. ஆர். ரகுமான் இசையமைத்துப் பாடிய நட்புப் பாட்டு, மாணவர் பிரியும் நாள்களில் இன்றும் பாடப்படுகிறது. 1931இல் பிறந்த வாலி அறுபது வயதைக் கடந்த பின் எழுதியது அது. இளமையின் குரலை எழுத இளைஞராக இருத்தல் வேண்டும் என்பதில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று. ‘ஆட்டோகிராப்’ (2004) படத்தில் பா. விஜய் எழுதிச் சித்திரா பாடிய ஊக்கப்பாட்டு இருவர்க்கும் தேசிய விருது பெற்றுத் தந்ததோடு, பள்ளி மேடைகளிலும் இடம்பெற்றது. இவை மாணவர்க்கென்று எழுதப்பட்டவை அல்ல. மாணவர் தமக்கு உரியதாக எடுத்துக்கொண்டவை. ஏற்ற பாட்டுக் கிடைத்தால் அவர்கள் விடமாட்டார்கள் என்பது இதனால் விளங்கும். எனவே, பிள்ளைகளின் சுவை கெட்டுவிட்டது என்னும் புலம்பலுக்கு இடமில்லை. பந்தியில் வைக்கப்பட்டதை அவர்கள் உண்கிறார்கள், அவ்வளவே.

பந்தியில் வைப்பதற்குத் தமிழில் என்ன இருக்கிறது? சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பாரதியார் தந்தார், கவிமணி தந்தார், அழ. வள்ளியப்பா தம் வாழ்நாளையே தந்தார். வளர்ந்தோர்க்குத் திரை இருக்கிறது. பதின்மூன்று முதல் பதினெட்டு வரையிலான இடைப்பருவத்துக்கு யார் எழுதினார்? தொடக்கப்பள்ளி ஆறாண்டுகள் தமிழில் பயின்று, பின்பு மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் தமிழை ஒரு பாடமாக மட்டும் தொடரும் நம் பிள்ளைக்கு, மொழியின் பிடி தளரும் பருவமும் இதுவே. மொழி தளரும் அந்நேரத்தில் பாட்டும் கைவிடுகிறது.

எழுத்தும் பாட்டும்

திரையில் ஓடும் சொற்களைப் பற்றியும் ஒரு சொல். நம் விருந்துகளில் காணும் தமிழ்க் கரோக்கே படங்களுள் மிகப்பலவற்றில் தமிழ்ப்பாட்டு உரோமன் எழுத்திலேயே வருகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் எழுத்துப் பயின்ற பிள்ளையும் அதனைப் பார்த்தே பாடுகிறான். உரோமன் எழுத்தில் வலியும் வளியும் ஒன்றாகிவிடுகின்றன. மனமும் மணமும் ஒன்றாகின்றன. அரமும் அறமும் ஒன்றாகின்றன. பொருள் வேறுபாட்டைக் கண் காணாதபோது நா அதனைக் காக்குமா? லகர ளகர ழகர வேறுபாட்டுக்காக வகுப்பில் ஓராண்டு உழைத்த ஆசிரியரின் பயிர், ஒரு மாலை விருந்தில் மேயப்பட்டுவிடுகிறது.

ஜப்பானியரின் முறை வேறு. அவர்கள் கரோக்கே திரையில் தம் எழுத்தையே காட்டுகின்றனர். சீனத்திலிருந்து வந்த கடினமான எழுத்துகளின் தலைமேல், அவற்றை ஒலிக்கும் வகையைச் சிறிய அசையெழுத்துகளால் குறித்துவிடுகின்றனர். பாட்டு நகர நகர எழுத்தின் நிறம் மாறிச் செல்கிறது. கற்றவன் பாடுகிறான், கல்லாதவன் பாடிக்கொண்டே கற்கிறான். பொழுதுபோக்குக் கருவியே வாசிப்புப் பயிற்சி ஆகிவிடுகிறது. நம் மொழிக்கோ தலைமேல் குறிப்பு எழுதும் தேவையும் இல்லை. எழுத்தைக் கூட்டினால் ஒலி வந்துவிடும். இருந்தும் நாம் நம் எழுத்தைத் திரையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறோம்.

சொல்லை இழந்த பாட்டுக்கு நேர்வது என்ன என்பதற்கு ஜப்பானியப் பாட்டொன்றே சான்று தரும். 1961இல் எய் ரொக்குசுகே எழுதிச் சக்காமோத்தோ கியூ பாடிய பாட்டு, கண்ணீர் சிந்தாமலிருக்க அண்ணாந்து பார்த்து நடப்பவனின் தனிமையைச் சொல்வது. 1963இல் அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. ஆனால் அந்நாட்டார் உச்சரிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று அதற்குச் ‘சுக்கியாக்கி’ என்று பெயரிட்டனர். அஃது ஓர் இறைச்சி உணவின் பெயர்! மெட்டு உலகை வலம் வந்தது. துயரம் ஊரிலேயே நின்றுவிட்டது. அயலார்க்கு நேர்ந்த இந்நிலை நம் பிள்ளைகட்குத் தம் தாய்மொழியிலேயே நேரலாகாது.

இல்லாத பாட்டு

கெடாத் தமிழ் மாணவனுக்குப் பாடுவதற்குப் பொருள் இல்லையா? உண்டு, நிறைய உண்டு. அவன் பாட்டனார் பீடோங்கின் ஹார்வார்ட் தோட்டத்திலோ, பாடாங் செராயின் விக்டோரியா தோட்டத்திலோ, அவைபோன்ற வேறொரு தோட்டத்திலோ பால்மரம் வெட்டியவர். இன்று பற்பல இடங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. லயன் வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. குடும்பங்கள் பட்டணத்து ‘தாமான்’ வீடுகளுக்குப் பெயர்ந்தன. படிவம் ஐந்து முடிந்ததும் பிள்ளை பினாங்குக்கோ, கோலாலம்பூருக்கோ, சிங்கப்பூருக்கோ வேலை தேடிச் செல்கிறான். பிறந்த இடத்தைப் பிரிதலும் நண்பரைப் பிரிதலும் ஒருங்கே நேர்கின்றன. அந்நாளில் அவன் பாடுவதற்கு அவனுக்குரிய தமிழ்ப்பாட்டு ஒன்றும் இல்லை.

இத்தகைய பாட்டுத் தமிழுக்குப் புதியதா? இல்லை. புறநானூற்று 112ஆம் பாட்டைத் தமிழாசிரியர் அறியாதிருக்க முடியாது. தந்தையை இழந்து, பறம்பு மலையை இழந்து நின்ற பாரி மகளிர் பாடியது அது. ஐந்தே அடிகள். சென்ற திங்களின் நிலவையும் இந்தத் திங்களின் நிலவையும் அருகருகே வைத்து, இடையில் இழந்தது இன்னதென்று கூறி அமைகின்றது. அழுகை ஆர்ப்பரிப்பு இல்லை, அறவுரை இல்லை, பகைவரைப் பழித்தலும் இல்லை. இளமகளிர் இருவர் தம் இல்லத்தை இழந்த செய்தியை ஈராயிரம் ஆண்டுகளாக நாம் மறவாதிருப்பது அந்த அடக்கத்தினாலன்றோ? தோட்டம் இழந்த பிள்ளைக்கு இதைவிட நெருங்கிய பாட்டு வேறெது? இதனைத் தேர்வுக்குரிய செய்யுளாக மட்டும் காட்டாது, அவன் வாய்க்குரிய பாட்டாகவும் காட்டுதல் கூடும்.

தோட்டத்து மக்களுக்கும் சொந்தப் பாட்டு இருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் வேலைப்பாட்டும் அவர்கள் வாயிலேயே பிறந்தவை. முத்தம்மாள் பழனிசாமி அவர்கள் ‘நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்’ என்னும் நூலில் அத்தகைய செல்வத்தைக் காத்துத் தந்திருக்கின்றார். இளையோரும் வாளாவிருக்கவில்லை. 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு, மலேசிய இளைஞர் தமிழைச் சொல்லிசையில் வைத்துத் தமிழகத்தையும் திரும்பிப் பார்க்கச் செய்தது. வடமாநிலங்களில் உறுமி மேளக் குழுக்களில் இளைஞர் காட்டும் ஈடுபாடும் கண்கூடு. இசையாற்றல் உண்டு, பொருளும் உண்டு, இரண்டையும் மாணவன் வாயில் சேர்க்கும் சொல் மட்டுமே வேண்டப்படுகிறது.

ஆசிரியர் கடமை

நம் பள்ளிகளிலும் ஆசிரியர்கள் பாட்டு எழுதுகின்றார்களே என்று வினவலாம். எழுதுகின்றார்கள், அவர் உழைப்பைக் குறைகூறல் நம் கருத்தன்று. ஆனால் அப்பாட்டுகளின் வினைச்சொற்களை எண்ணிப் பாருங்கள். படி, உழை, எழு, வெல், மறவாதே என ஏவல் வினைகளே நிறைந்திருக்கும். ஏவுபவர் பெரியவர், ஏவப்படுபவன் பிள்ளை. அதனைப் பிள்ளையே பாடும்போது தன்னைத் தானே அதட்டிக்கொள்வதாகிறது. விழா முடிந்ததும் அப்பாட்டும் முடிந்துவிடுவதற்கு இதுவே காரணம். காகெமோரித் தலைமையாசிரியர் பாட்டு முப்பதாண்டுகளுக்கு மேலாக வாழ்வதற்கும், நம் விழாப்பாட்டு மறுநாள் மறைவதற்கும் உள்ள வேறுபாடு புலமையில் இல்லை. பேசுபவர் யார் என்பதில் இருக்கிறது.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் முன் இரண்டு செயல்கள் நிற்கின்றன. முதலாவது, பள்ளி நிகழ்ச்சிகளில் கரோக்கே வைக்கும்போது தமிழ் எழுத்தில் சொற்கள் வரும் படங்களையே தேர்தல். கிடைக்காதவிடத்து மாணவரைக் கொண்டே தமிழ் வரிகளைத் தட்டெழுதித் திரையிடல். கணினி அறிந்த படிவம் நான்கு மாணவனுக்கு இஃது ஒரு மாலை வேலை. அதனால் அவன் பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் கருதிப் பார்க்க நேரும். பொருந்தாத பாட்டின் பொருந்தாமையும் அவன் கண்ணுக்கே புலப்படும். தடை விதிப்பதைவிட இது நன்மை பயக்கும்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு பாட்டு. விடைபெறும் மாணவர் வாய்க்கென்று, அவர்களோடு அமர்ந்து, அவர்கள் சொற்களைக் கேட்டு எழுதும் ஒரு பாட்டு. அதில் ஏவல் வினை வேண்டா. அவர்கள் ஏறிவந்த பள்ளிப் பேருந்து வரலாம். செம்பனைக் காட்டுப் பாதை வரலாம். ஜெராய் மலை வரலாம். பாட்டி வாழ்ந்த லயன் வரலாம். கடாரம் என்று சோழர் காலத்திலேயே தமிழில் பெயர் பெற்ற மண் இது. இங்கு வளரும் பிள்ளை தன் ஊரைப் பெயர் சொல்லிப் பாட ஒரு பாட்டில்லை என்பது நமக்கு ஒரு குறையே.

நூறு பள்ளிகள் எழுதினால் தொண்ணூற்றொன்பது மறக்கப்படலாம். அதனால் இழப்பொன்றுமில்லை. சிச்சிபு மலையடிவாரத்துத் தலைமையாசிரியரும் ஒருநாள் பாடிவிட்டு மறப்பதற்கென்றே எழுதினார். எஞ்சி நிற்கும் ஒன்றை மாணவர் தாமே தேர்ந்துகொள்வர். கரோக்கே திரையிலும் அதனைத் தாமே ஏற்றிக்கொள்வர். எழுதிக் கொடுப்பது மட்டுமே நம் பொறுப்பு.